நாதமணிக்குப் போட்ட தடை

கிளென்மோர் தோட்டம், மேல் பிரிவு லயம்,
கேமரன் மலை.
12 மார்ச் 2023

திரு. மகேன் அவர்களுக்கு,

கிளென்மோர் ஜெயா எழுதுவது. லயத்தில் அடுத்த வீட்டில் பிறந்து வளர்ந்த உங்களை அண்ணே என்று கூப்பிட்டுத்தான் பழக்கம். இப்போது அந்த வார்த்தை எழுத வரவில்லை, அதனால் திரு. விலாசம் உங்கள் மகள் கொடுத்தாள். நம்பரும் கொடுத்தாள். ஆனால் போனில் உங்களைத் திட்டுவதற்கு எனக்கு இப்போது தொண்டை இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவீர்கள். இது பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினால் பிரித்துப் படித்துத்தான் ஆக வேண்டும்.

போன ஞாயிறு கோலா தெர்லாவில் முருகையாவின் கொல்லைக்குச் சோளம் ஒடிக்கப் போனேன். குருவி இறங்காமல் இருக்கக் கொல்லை முழுக்கக் கயிறு இழுத்து சிடியாகத் தொங்கவிட்டிருந்தான். இங்கே நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள், அதில் ஒன்றும் அதிசயமில்லை. குனிந்து வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தால் மூக்குக்கு நேரே என் முகம் சுற்றுகிறது. சிவப்புச் சேலை, கையில் மைக், கீழே ‘கிளென்மோர் மகமாயி பாடல்கள், ஜெயா குழுவினர்’ என்று எழுத்து. பக்கத்துக் கயிற்றிலும் நான். அதற்கடுத்த கயிற்றிலும் நான். குருவி விரட்ட ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லையா?

முருகையாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நாதமணி கடைய மூடுனப்ப மகேன் அண்ணன் மூட்ட மூட்டையா குடுத்தாருக்கா. சும்மாதான் லா குடுத்தாரு” என்றான்.

மூட்டை மூட்டையாக! விற்றுத் தீர்ந்துவிட்டது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? 2009 தீபாவளிக்கு உங்கள் நாதமணி கம்பெனி போட்ட என் சிடி. பொங்கல் முடிந்து சம்பள ஞாயிறு அன்று தானா ராத்தாவில் நீங்கள் கவனித்த நாதமணி கடைக்கு வந்து பார்த்தேன். வாசல் பக்கத்து ரேக்கில் ஒன்றுகூட இல்லை. “எல்லாம் போயிருச்சு ஜெயா, ஒண்ணுகூட மிச்சமில்ல” என்று சிரித்த முகத்தோடு சொன்னீர்கள். அந்தச் சந்தோஷத்தில் லோரியில் வீடு வரைக்கும் பாடிக்கொண்டே வந்தேன்.

தீர்ந்துபோன சிடியை ஏன் மறுபடி போடவில்லை, இரண்டாவது சிடிக்கு ஈப்போ தலைமைக் கடை ஏன் சம்மதிக்கவில்லை என்று எத்தனை முறை கேட்டேன்? மழுப்பினீர்கள். தோட்டக்காரி பாட்டுதானே என்று உங்கள் கம்பெனிக்கு இளக்காரம், நீங்களும் அதற்குத் துணை என்று நினைத்தேன். கடைக்குள்ளேயே நின்று கத்தினேன். கோயில் கூட்டத்தில் எழுந்து, கிளென்மோர்க்காரர் ஒருத்தரும் இனி நாதமணி வாசல்படி மிதிக்கக்கூடாது என்று தடை போடச் சொன்னதும் நான்தான். நம் ஆட்கள் கடை மூடும்வரை அந்தத் தடையைக் காப்பாற்றினார்கள். அது நியாயமான தடை என்று போன ஞாயிறு வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆன பிறகு என் குரல் போய்விட்டது. பேசினால் பாதி காற்றுதான் வருகிறது. நான் பாடியது இனி அந்த சிடியில் மட்டும்தான் இருக்கிறது. கோயிலில் இருந்த சிடி போன வருடமே பாடாமல் நின்றுவிட்டது. மே மாதத் திருவிழாவில் விடியற்காலை அம்மனை எழுப்புகிற பாட்டை யூடியூபிலிருந்து போட்டுக்கொள்ளலாம் என்கிறார் கோயில் தலைவர் சின்னக்கருப்பன். அது நம் லயங்களின் பேரைச் சொல்லிச் சொல்லி எழுப்புகிற பாட்டு. யூடியூபில் எவள் பாடி வைத்திருக்கிறாள்? வெயிலில் காயாத சிடி ஒன்று உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்றாவது எழுதுங்கள்.

ஜெயா


கிள்ளான்,
29 மார்ச் 2023

ஜெயாவுக்கு,

திரு போட்டதற்கு நன்றி. இத்தனை வருடம் நாதமணி கவுண்டரில் நின்றேன், ஒருத்தரும் திரு போட்டதில்லை.

என்னிடம் சிடி இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதையும் கேட்டுக்கொள். உன் சிடி விற்கவில்லை. ஒன்றே ஒன்று போனது, அதை வாங்கியது உங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி நாகரத்தினம். வேறு ஒருத்தரும் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

லயத்தில் எல்லா வீட்டிலும் என் பாட்டு கேட்டதே என்பாய். நானும்தான் கேட்டேன், பொங்கலுக்கு அம்மாவைப் பார்க்க வந்தபோது. முதலில் பூரித்துப் போனேன். பிறகு விசாரித்தேன். அத்தனையும் கிராணியின் கம்ப்யூட்டரில் போட்ட நகல். கடையில் ஒன்றை வாங்கி, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வெற்று சிடியைக் கட்டாக வாங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறார். அவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. “ஜெயா நம்ம புள்ள லா, அவ பாட்டு எல்லா வீட்லயும் பாட வேணாமா?” என்று என்னிடமே கேட்டார். தோட்டத்துக்குச் சேவை செய்த பெருமை முகத்தில். என்ன சொல்வது அவரிடம்?

மூன்று மாதம் ரேக்கில் நகராத சரக்கை ஈப்போவுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அங்கே மெஷினில் போட்டு அரைத்துவிடுவார்கள். எல்லாக் கிளைக்கும் அதுதான் சட்டம். உன் முகத்தை அரைக்க அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. விற்றுவிட்டதாக எழுதி, பெட்டியோடு தூக்கிப் பரணில் போட்டேன். எப்படிச் சரிக்கட்டினேன் என்பது என் பாடு. அடுத்த ஞாயிறு நீ வந்து காலி ரேக்கைப் பார்த்தாய். மீதி உனக்கே தெரியும்.

இப்போது என் முறை. சம்பள ஞாயிறு என்றால் அந்தக் கடை எப்படி இருக்கும், நினைவிருக்கிறதா? ஹெட்போன் ஒன்று, சுற்றி ஐந்து தலை. ஒரு காது ஒருத்தனுக்கு, மறு காது இன்னொருத்தனுக்கு. வாங்குவது ஒருவர், கூட வந்து நிற்பது குடும்பமே. பாட்டின் முதல் வரி தெரியாமல், படம் தெரியாமல், “அந்த மழையில நின்னு அழுவாளே, அந்தப் பாட்டு” என்று கேட்பார்கள். நான் சரியாக எடுத்துப் போடுவேன். மணிப் படம் போட்ட மஞ்சள் பை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒன்று வாங்குகிறவர்கள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அந்தப் பையில்தான் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகம் கொண்டு போனார்கள்.

நீ தடை போட்ட பிறகு கிளென்மோர் லோரி என் வாசலைத் தாண்டிப் போகும். பின்னால் நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். என் கல்யாணத்தில் ஆரத்தி எடுத்த இராசம்மாகூட. கிராணி போட்டுக் கொடுத்த நகலை வீட்டில் வைத்துக்கொண்டு, ஜெயாவை ஏமாற்றிய கடை என்று என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள்! நீ பிறந்த தோட்டம் உன்னைப் பார்த்து அப்படிச் செய்தால் தெரியும்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு முடிந்ததும் ஈப்போவிலிருந்து சொல்லிவிட்டார்கள். தாப்பா கிளை போனது, தெலுக் இந்தான் கிளை போனது, கடைசியாக எங்கள் கடை. சரக்கைத் திருப்பி அனுப்பினால் லோரிக் கூலிக்குக்கூடத் தேறாது, சுத்தியலால் உடைத்துக் குப்பையில் கொட்டு என்றார்கள். பரணிலிருந்து உன் பெட்டியைத்தான் முதலில் இறக்கினேன். சுத்தியலைத் தூக்கினேன். முடியவில்லை. முருகையா குருவிக்கு சிடி கேட்டுக்கொண்டே இருந்தான், அவனிடம் கொடுத்தேன். தொங்கினாலும் முழுசாகத் தொங்கட்டும். உனக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்காதே. என்ன சொல்லி அனுப்புவது?

உடைத்திருந்தால் எனக்கு இந்தப் பதிவுத் தபால் வந்திருக்காது.

மகேன்


கிளென்மோர் தோட்டம்,
16 ஏப்ரல் 2023

மகேன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் பிடித்தபடியே இராசம்மா வீட்டுக்குப் போனேன். நம் வரிசையில் கடைசி வீடு, மறந்திருக்க மாட்டீர்கள். என் சிடி இருக்கிறதா என்று கேட்டேன். டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். எதில் சுற்றி வைத்திருந்தாள் தெரியுமா? உங்கள் நாதமணி மஞ்சள் பையில். உள்ளே படமும் இல்லை, அட்டையும் இல்லை. வெள்ளை சிடி மேல் மை பேனாவில் ‘ஜெயா பாட்டு’ என்று எழுதியிருந்தது.

கடையில் வாங்கினாயா என்றேன். “எதுக்கு வாங்கணும்? கிராணிதான் சும்மா போட்டுக் குடுத்தாருல்ல? எல்லாருக்கும் குடுத்தாரே” என்றாள். எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோல் சொல்கிறாள்.

அப்படியே வரிசையாகப் போனேன். பாதி வீடு காலி, இருக்கிற வீட்டில் எல்லாம் கேட்டேன். ஒரு வீட்டில்கூட என் முகம் போட்ட சிடி இல்லை. அந்த நகலும் ஒன்றும் பாடவில்லை, மேல்பூச்சு சருகாக உரிந்துபோய்க் கிடக்கிறது. கோயிலில் நின்றுபோனதும் நகல்தான். என் வீட்டில் இருந்ததும் நகல்தான்! கம்பெனி எங்களுக்குக் கொடுத்த சிடியையெல்லாம் துரைக்கும் திருவிழாவுக்கு வந்த பெரிய மனிதர்களுக்கும் கொடுத்துவிட்டு, கடையில் தீர்ந்துபோச்சே என்று கிராணியிடம் நானே கேட்டு வாங்கியது. தீர்ந்துபோச்சு என்று சொன்னது யார்? நீங்கள்.

இந்தத் தோட்டத்து ஆட்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது. ஆனால் அவர்களுக்குத் தெரியாது, மகேன். தெரியாமல் செய்தார்கள். தெரிந்து செய்தது நீங்கள் ஒருத்தர்தான். நான் என்ன கைக்குழந்தையா, இனிப்புத் தடவி மருந்து கொடுக்க? விற்கவில்லை ஜெயா என்று சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி அழுதிருப்பேன். மறுநாள் எழுந்து பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு லெம்பா பெர்த்தாம் முதல் கோலா தெர்லா வரைக்கும் கொல்லை கொல்லையாக விற்றிருப்பேன். குரல் இருந்தபோதே இன்னொன்று பாடியிருப்பேன். அந்த வாய்ப்பைப் பரணில் தூக்கிப் போட்டது நீங்கள். என்னால் தாங்க முடியாது என்று முடிவு செய்ய நீங்கள் யார்?

எங்கள் தடையால்தான் கடை படுத்தது என்று எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். தாப்பாவிலும் தெலுக் இந்தானிலும் எந்த ஜெயா போய்த் தடை போட்டாள்? எல்லாம் போனில் சும்மா கிடைக்கும்போது கடையில் வந்து யார் வாங்குவார்கள்? இதை எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே சுரீர் என்கிறது. கிராணி செய்ததும் இதுதானே.

ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். அன்றைக்குக் கடை நடுவில் நின்று உங்களைக் கண்டபடி பேசினேன். திருடன் என்றுகூடச் சொன்னேன். லோரியில் வந்தவர்கள் அத்தனை பேரும் என் பின்னால் நின்றார்கள். அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாமே? ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள்?

திருவிழாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. கொல்லையில் தொங்குகிற எல்லாவற்றையும் கழற்றப் போகிறேன். ஏதாவது ஒன்று பாடாமலா போகும்?

ஜெயா


கிள்ளான்,
2 மே 2023

ஜெயா,

உன் கேள்விக்குப் பதில் நீயே எழுதியிருக்கிறாய். உன் பின்னால் அத்தனை பேரும் நின்றார்கள்.

அவர்களைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். இராசம்மா, அவள் மகன், சின்னக்கருப்பன், கோடியில் கிராணி. ஒவ்வொருத்தர் வீட்டிலும் நகல். நான் வாயைத் திறந்தால் நீ திரும்பி அவர்கள் முகத்தைப் பார்ப்பாய். என்னோடு சண்டை போட்டால் லோரி ஏறி லயத்துக்குப் போகலாம். அவர்களோடு சண்டை போட்டால் எந்த லயத்துக்குப் போவாய்? உன் வீட்டுக்காரர் இறந்து அப்போது வருடம் திரும்பவில்லை. உன் வீட்டு அடுப்புக்கு விறகு வைத்தது முதல் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனது வரை அவர்கள்தானே? ஒரு கடைக்காரனை வெறுப்பது உனக்குக் கட்டுப்படியாகும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குத் தப்பு என்கிறாய். இருக்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் கழிந்தது என் பேர்தான், உன் பேர் இல்லை. இதற்கும் மேல் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மாட்டேன். எனக்கும் கோபம் இருக்கிறது. பிறந்த தோட்டத்துக்குள் தலை குனிந்து போய் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தேன். காடாற்றுவதற்குக்கூட நிற்கவில்லை.

எதையாவது பாட வைக்க முடிந்தால் வை. முருகையாவின் பழைய லோரியில் சிடி போடுகிற ரேடியோ இருக்கிறது. நான்தான் பொருத்திக் கொடுத்தேன்.

மகேன்


கிளென்மோர் தோட்டம்,
28 மே 2023

மகேன் அண்ணே,

பாடிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முருகையாவிடம் புதிதாகச் சேர்ந்த வேலையாள் ஒருவர், வங்காளதேசத்துக்காரர், இந்த வேலை தெரியாமல் சிடிகளை உல்டாவாகக் கட்டியிருக்கிறார். பளபளக்கிற பக்கம் வெளியே இருந்தால்தானே குருவி பயப்படும்? அவர் படம் அழகாக இருக்கிறதே என்று படத்தை வெளியே வைத்து, பளபளப்பை உள்ளே வைத்து, இரண்டிரண்டாகச் சேர்த்து டேப் சுற்றித் தொங்கவிட்டுவிட்டார். அதனால்தான் என் முகம் என் கண்ணில் பட்டது, பாட்டு இருக்கிற பளபளப்புப் பக்கத்தில் வெயிலும் படவில்லை. அந்தக் கயிற்றில் குருவி உட்கார்ந்து ஆடியது என்று முருகையா அவரைத் திட்டியிருக்கிறான். எனக்கு அவர் கையைப் பிடித்துக் கும்பிடத் தோன்றியது.

எல்லாவற்றையும் பிரித்து, கழுவி, துடைத்து லோரியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டோம். சில கரகரத்தன. சில ஒரு வரியில் மாட்டிக்கொண்டு அதையே சொல்லின. நான் நம்பிக்கை விட்ட நேரத்தில் ஒன்று முதல் பாட்டிலிருந்து கடைசிவரை நிற்காமல் பாடியது. முருகையா எஞ்சினை அணைத்துவிட்டான். அண்ணே, இவ்வளவு நன்றாகவா பாடியிருக்கிறேன்? அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது. இதையா ஒருத்தரும் வாங்கவில்லை?

திருவிழா அன்று விடியற்காலை பாட்டைப் போடும் முன்னே மைக்கைக் கையில் வாங்கினேன். என் குரலுக்கு மைக் இருந்தும் பத்தவில்லை, எல்லாரும் கிட்டே வந்து நின்று கேட்டார்கள். “இந்த சிடி விக்கவே இல்ல. ஒண்ணுதான் வித்துச்சு. நம்ம எல்லாரும் அத நகல் எடுத்துக்கிட்டோம், நானும்தான். மகேன் அண்ணன் நம்ம மானத்தக் காப்பாத்த வாய மூடிக்கிட்டு இருந்தாரு. நம்ம அவரு கடைக்குத் தடை போட்டோம்” என்றேன். இராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு பாட்டைப் போட்டேன். மேல் பிரிவு லயமே எழுந்திரு, ஆத்தோர லயமே எழுந்திரு என்று என் குரல் மலை முழுக்கப் போனது. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? அத்தனை பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனைத் தூக்கிப் பிடித்துப் பதிவு செய்கிறார்கள்! இப்போதுதான் சொன்னேன், இரண்டு நிமிஷம் ஆகவில்லை. திட்ட வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் பாட்டு முடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு போன் தூக்கின ஒவ்வொருத்தர் முன்னாலும் போய் நின்றேன். சிடிக்கு விலை வாங்காமல் நகரவில்லை. அதைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டேன், உங்கள் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் மேல் கோபம் போகவில்லை, பொய்யாக எழுத மாட்டேன். என்னைக் கேட்காமல் எனக்காகத் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். அதைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியவில்லை. தெரிந்த ஒன்றைச் செய்தேன். நேற்றுக் கோயில் கூட்டத்தில் எழுந்து, நாதமணிக்குப் போட்ட தடையை எடுக்க வேண்டும் என்றேன்.

“ஏம்மா, கடையே இல்லையே? இப்ப அங்க துணியில தச்ச ஸ்ட்ராபெரி பொம்மையில்ல விக்கிறாங்க? எதுக்கு எடுக்கணும்?” என்றார் சின்னக்கருப்பன்.

“போட்டது இந்த எடத்துலதானே? இந்த எடத்துலயே எடுங்க” என்றேன்.

கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் எழுந்தது. அடுத்த சம்பள ஞாயிறு லோரி அந்த வாசலில் நிற்கும், எல்லாரும் இறங்குவோம் என்றும் பேசி முடித்தோம். இறங்கி என்ன செய்யப் போகிறோம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தடையை எடுத்தாயிற்று அண்ணே. வந்து கடையைத் திறங்கள்.

ஜெயா